கண்ணீரை விட உப்பாக இருந்தால்

போவன்பள்ளி, செகந்திராபாத்
6 அக்டோபர் 2024

அன்புள்ள தங்கம் அக்காவுக்கு,

தம்பி ஆண்டனி எழுதிக்கொண்டது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான், சுப்ரியா, சின்னி மூவரும் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மதருக்கும் மடத்தில் எல்லோருக்கும் என் தோத்திரத்தைச் சொல்.

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் ஆலையில் வைத்துப் படித்தேன். பக்கத்து மேசைக்காரன் உள்நாட்டுக் கடிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "எங்க அக்கா கார்மேல் மடத்துல இருக்கு. வெளியே வராது. சாவுச் செய்திக்குத்தான் போன்" என்றேன். உன்னைப் பரிதாபமாக நினைத்தானா, என்னையா என்று தெரியவில்லை.

சின்னிக்குப் பத்து மாதம் ஆகிறது. ஸ்டெல்லா என்று ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரே இப்போது சின்னி என்றுதான் கூப்பிடுகிறார். சுவரைப் பிடித்து நிற்கிறாள். மார்க்கெட்டுக்குப் போகும் தக்காளி லாரி ஹாரன் அடித்தால் இவளும் கத்துகிறாள்.

ஒரு செய்தி. டிசம்பரில் சுப்ரியாவை அலுவலகத்தில் இரண்டு வாரப் பயிற்சிக்குப் புனே அனுப்புகிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு கிடைத்த முதல் வாய்ப்பு. என் மச்சான் விஸ்வநாத், "ஆம்பள ஒண்டியா பத்து மாசப் பாப்பாவைப் பாத்துக்குவியா? ரெண்டாம் நாளே போன் பண்ணி அழுவே, பாரு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். சுப்ரியா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அவள் இனி எந்த ஊருக்கும் பெட்டி கட்ட மாட்டாள்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு கடிதத்திலும் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறாள் என்று கேட்கிறாயே, ஒரு கன்னியாஸ்திரிக்கு இது என்ன ஆராய்ச்சி?

உன் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

உன் அன்புத் தம்பி,
ஆண்டனி

*

கார்மேல் மடம், தேனி
19 அக்டோபர் 2024

அன்புத் தம்பி ஆண்டனிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் பன்னிரண்டு பேரும் சுகம். என் முழங்காலும் இருக்கிறது, அதன் வலியும் இருக்கிறது. சுப்ரியாவையும் சின்னியையும் கேட்டதாகச் சொல்.

சிரித்துக்கொள், ஆனால் எண்ணி வை. நன்றாக இருக்கும் நாளில் எத்தனை தடவை என்று தெரிந்தால்தான் நோவு வந்த நாளில் குறைந்தது தெரியும். மடத்துக்கு வருமுன் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் நர்ஸாக இருந்தேன். பேதி வந்த பிள்ளைகளை எத்தனையோ பார்த்தேன். பேதியைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். பிள்ளையைக் கொண்டுபோவது உடம்பிலிருந்து வற்றிப்போகும் தண்ணீர்.

டிசம்பரில் குளிர் வரும், குளிரோடு வயிற்று நோவும் வரும். இப்போதே உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் வாங்கி வை. ஓ.ஆர்.எஸ். என்று கேட்டால் எந்த மருந்துக் கடையிலும் கொடுப்பார்கள். டப்பாவில் விற்கும் பழரசம் வேண்டாம். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கலந்ததை முதலில் நீ குடித்துப் பார். கண்ணீரை விட உப்பாக இருந்தால் கொட்டிவிடு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஒரு ஸ்பூன், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு ஸ்பூன். டயபரைக் கழற்றிவிட்டுத் துணி கட்டு. டயபரில் எது பேதி, எது ஒன்றுக்கு என்று யாருக்கும் தெரியாது. எட்டு மணி நேரம் ஒன்றுக்குப் போகாவிட்டால் டாக்டரிடம் ஓடு. துவண்டு படுத்தாலும் கண் குழி விழுந்தாலும் அந்த எட்டு மணி நேரமும் காத்திராதே.

இன்னொன்று. டிசம்பர் ஒன்றாம் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, வாசிப்பதும் இல்லை. வருகிற தபாலை மதர் பூட்டி வைத்து கிறிஸ்துமஸ் அன்றுதான் கொடுப்பார். அந்த நேரம் பார்த்துத்தானா உன் மனைவி புனே போக வேண்டும்?

ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

சிஸ்டர் சகாயமேரி
(உனக்குத் தங்கம் அக்கா)

*

போவன்பள்ளி
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு எழுது.

ஒரு வாரமாக எண்ணுகிறேன். சராசரி ஏழு. பாலாநகரில் விமானத்துக்குப் பாகம் செய்யும் ஆலையில் தர ஆய்வாளனாக இருப்பவன் வீட்டில் இதற்கு அட்டவணை இல்லாமல் இருக்குமா? ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். சுப்ரியா, "ஆபீஸ்தான் இருக்குன்னு நெனச்சேன், வீட்லயும் இன்ஸ்பெக்‌ஷனா?" என்கிறாள். உன் கடிதத்தையும் அதன் பக்கத்திலேயே ஒட்டிவிட்டேன்.

பாக்கெட் ஐந்து வாங்கியாகிவிட்டது. அளவைப் பற்றிக் கவலைப்படாதே. தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் பாகத்துக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டித் தள்ளுகிறவன் நான். பாதுகாப்பு வாரத்துக்கு ஆலையில் எல்லோருக்கும் ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில் கொடுத்தார்கள். சின்னியின் தண்ணீருக்கென்றே அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

நீ ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடு என்கிறாய். ஆனால் வருஷா வருஷம் ஜனவரி 17 அன்று மட்டும் நீ சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. இந்த வருஷம் மயங்கியே விழுந்துவிட்டாய் என்று மதர் எழுதியிருந்தார். அது என்ன வேண்டுதல் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். இப்போதும் கேட்கிறேன்.

தம்பி,
ஆண்டனி

*

தேனி
24 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

சுகம். கிறிஸ்துமஸுக்கு முன் இதுதான் கடைசிக் கடிதம், சுருக்கமாக எழுதுகிறேன்.

ஏழு நல்ல எண்.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் யார் சொன்னாலும் தண்ணீரை நிறுத்தாதே. அக்கம்பக்கத்தார் சொன்னாலும், பெரியவர்கள் சொன்னாலும். நானே நேரில் வந்து சொன்னாலும் நிறுத்தாதே.

அக்கா

*

போவன்பள்ளி
9 டிசம்பர் 2024, திங்கள் மாலை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ இதைக் கிறிஸ்துமஸ் அன்றுதான் படிப்பாய் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும்.

சின்னிக்குக் காலையிலிருந்து வாந்தி, பேதி. தண்ணீராகப் போகிறது, மாலைக்குள் ஒன்பது தடவை. லீவு சொல்லிவிட்டு செகந்திராபாத்தில் குழந்தை டாக்டர் ரமாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். வைரஸ்தான், தானாகச் சரியாகும், கரைசலும் பாலும் விடாமல் கொடுங்கள், வற்றவிடாதீர்கள் என்றார். துத்தநாகச் சொட்டும் எழுதித் தந்தார்.

பாக்கெட்டைப் பிரித்து ஆலை பாட்டிலில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். குடிக்க மாட்டேன் என்கிறாள். நாக்கில் பட்டதும் முகத்தைச் சுளித்துத் துப்புகிறாள். உள்ளே போன கொஞ்சமும் வாந்தியாக வருகிறது. பால் மட்டும் இரண்டு வாய் குடித்தாள்.

எதிர் வீட்டு அம்மணி அக்கா வந்து பார்த்தார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் சின்னியைப் பார்த்துக்கொள்கிறவர், பிள்ளை மேல் உயிர். "எதுக்கு இவ்ளோ தண்ணி குடுக்கறே ஆண்டனி? ஊத்த ஊத்தப் போய்ட்டேதான் இருக்கும். நக்கோ, நக்கோ. வயித்தைக் காயப் போடு" என்றார். இதே பேச்சை நான் எங்கோ கேட்டிருக்கிறேன். நம் வீட்டில், ரொம்பச் சின்ன வயதில். குடத்துக்கு முன்னால் நீ உட்கார்ந்திருந்தாய். கனவா நிஜமா என்று தெரியவில்லை.

உன் கடைசிக் கடிதத்தை எடுத்து அம்மணி அக்காவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும்.

புனேயில் இருக்கும் சுப்ரியாவிடம் போனில் சொல்லிவிட்டேன். மறைக்கத் தோன்றவில்லை. விஸ்வநாத் ஜெயித்தால் ஜெயித்துவிட்டுப் போகட்டும், பிள்ளை பிழைத்தால் போதும். அவள் நாளை மறுநாள் ரயிலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறாள்.

ஆண்டனி

*

போவன்பள்ளி
10 டிசம்பர், பகல் 3 மணி

அக்கா,

சுகம் விசாரிக்க நேரமில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். ஒரு ஸ்பூனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வரி எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு நனைத்தவள் அதற்குப் பிறகு நனைக்கவில்லை.

துணிதான் கட்டியிருக்கிறேன், நீ சொன்னபடி. பேதி வருகிறது, ஒன்றுக்கு இல்லை.

அழுகிறாள், கண்ணீர் வரவில்லை.

பதினோரு மணிக்கு டாக்டரிடம் போனேன். கண் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது, ஆனால் விழித்துப் பார்க்கிறாள், தாகமாகக் கேட்கிறாள், இன்னும் வாயால் கொடுக்கலாம் என்றார். மாலை ஆறு மணிக்குள் நனைக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பில் ஏற்ற வேண்டும் என்றார்.

"கரைசலை எதுல கலக்கறீங்க?" என்று கேட்டார். ஒரு லிட்டர் பாட்டிலில் என்றேன். "பின்னே ஏன் துப்பறா?" என்றார்.

வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவில் உன் முதல் கடிதத்தைப் பார்த்தேன். கலந்ததை முதலில் நீ குடித்துப் பார் என்று எழுதியிருக்கிறாய். நான் குடித்துப் பார்க்கவே இல்லை, அக்கா.

குடித்தேன். கடல் தண்ணீர்.

கடையில் ஓடிப்போய் ஒரு லிட்டர் குடிதண்ணீர் பாட்டில் வாங்கிவந்து ஆலை பாட்டிலில் ஊற்றினேன். பாட்டில் நிரம்பி வழிந்தது. மிச்சத்தைச் சமையலறை அளவுக் குவளையில் பிடித்தேன். முந்நூறு மில்லி. ஒரு லிட்டர் என்று பெரிதாக அச்சடித்த பாட்டிலுக்குள் எழுநூறுதான் பிடிக்கிறது. வெளியே சுவர், உள்ளே சுவர், நடுவில் வெறும் காற்று.

ஆலையில் புது அளவுகோல் வந்தால் சரிபார்க்காமல் தொடக்கூட மாட்டேன். இதை மேலே இருந்த எழுத்தைப் பார்த்து நம்பிவிட்டேன். தாகத்தில் தவிக்கும் பிள்ளைக்கு நேற்றிலிருந்து உப்புத் தண்ணீரைக் காட்டியிருக்கிறேன்.

டாக்டருக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை. "நல்லவேளை துப்பினா. கொட்டிட்டு சரியா கலந்து குடுங்க" என்றார்.

கொட்டினேன். சரியாகக் கலந்தேன். நானே குடித்துப் பார்த்தேன். கண்ணீர் அளவுதான். அது எனக்கு நன்றாகத் தெரிந்த ருசியாக இருந்தது.

இப்போது துப்பவில்லை. ஸ்பூனை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கிறாள்.

நாற்பத்தோராவது ஸ்பூன்.

*

10 டிசம்பர், மாலை 5.20

அக்கா! நனைத்துவிட்டாள்! துணி, என் சட்டை, பாய், உனக்கு எழுதிக்கொண்டிருந்த கடிதத்தின் ஓரம், எல்லாம்!

*

போவன்பள்ளி
14 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். எல்லோரும் சுகம். இந்த வார்த்தையை இதுவரை சும்மா எழுதியிருக்கிறேன், இன்றுதான் தெரிந்து எழுதுகிறேன்.

5.20க்கு நனைத்தாள், ஏழரைக்கு மறுபடி நனைத்தாள். புதன் காலையில் வாந்தி நின்றது. வியாழன் அன்று குழைந்த பருப்புச் சோறு அரைக் கிண்ணம் சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தை என் தலையில் கவிழ்த்தாள். அட்டவணையில் நேற்று மறுபடி ஏழு.

முதல் துணி நனைந்ததும் நான் போட்ட கூச்சலில் அம்மணி அக்கா கோபத்தை மறந்து ஓடிவந்தார். "ஏமாச்சு, ஏமாச்சு?" என்று பதறினார். ஈரத் துணியைத் தூக்கிக் காட்டினேன். சிரித்தார், பிறகு அழுதார். ஃபிரிட்ஜ் கதவில் இருந்த உன் கடிதத்தைத் தரச்சொல்லிக் கேட்டு வாங்கிப்போய் மாடி மாடியாகப் படித்துக் காட்டியிருக்கிறார். இந்த வாரம் எங்கள் கட்டடத்தில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு இதே நோவு. மூன்று வீட்டிலும் குடித்துப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். மூவரும் தேறிவிட்டார்கள்.

சுப்ரியா வந்த ரயில் செகந்திராபாத்தில் நின்றபோது சின்னியோடு பிளாட்பாரத்தில் நின்றேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நக்கோ, நீ ஒண்ணும் சொல்லாத. மொதல்ல அவளைக் குடு" என்று பிடுங்கிக்கொண்டாள். கண், நாக்கு, கை கால் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, "மூணு நாள் கிளாஸ் பாக்கி இருக்கு. ஜனவரியில போய் முடிக்கலாமாம். போகட்டா?" என்றாள். அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு யார் தரப்போகிறார்கள்! விஸ்வநாத் வந்து அட்டவணையைப் பார்த்துவிட்டு, தன் பிள்ளைக்கும் ஒன்று அடித்துத் தரச்சொன்னான்.

ஆலை பாட்டிலுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி மேலாளர் மேசையில் வைத்துவிட்டேன். காரணம்: அளவுப் பிழை.

அக்கா, அந்தக் குடம் கனவு இல்லைதானே? அன்றைக்கு வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை?

தம்பி,
ஆண்டனி

*

தேனி
26 டிசம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். உன் நான்கு கடிதங்களையும் மதர் நேற்று ஒன்றாகக் கொடுத்தார். தேதி வரிசையில் அடுக்கிப் படித்தேன். மூன்றாவதை எடுக்குமுன் சிலுவை போட்டுக்கொண்டேன்.

பொழுதுபோக்கு நேரத்தில் எல்லோருக்கும் படிக்கச் சொன்னார் மதர். 5.20 வந்ததும் பன்னிரண்டு பேரும் கைதட்டினோம். எண்பத்திரண்டு வயது சிஸ்டர் ஒருத்தர் எழுந்து நின்று தட்டினார். இந்த மடத்தில் ஒரு ஈரத் துணிக்கு இப்படி ஆரவாரம் நடந்ததே இல்லை. கறை படிந்த அந்தக் கடிதத்தைக் குடிலில் பாலன் காலடியில் வைத்திருக்கிறோம்.

நீ தவறு செய்தாய், மறைக்காமல் சொன்னாய், திருத்தினாய். எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கடைசியில் கேட்டதை நான் படிக்கவில்லை என்று நினைக்காதே.

அக்கா

*

போவன்பள்ளி
5 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு தோத்திரம். சின்னி நடக்கிறாள், மூன்று அடி.

நீ எழுதாததையும் படித்துவிட்டேன். நம் தம்பி சகாயம் காய்ச்சலில் போனான் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். அப்போது எனக்கு ஐந்து வயதுகூட இல்லை. வீட்டில் இருந்த பழைய ஜெபப் புத்தகத்தில் அப்பா கையெழுத்தில் தேதி இருக்கிறது: 17 ஜனவரி 1995. காய்ச்சல் இல்லை, இல்லையா? குடத்துக்குக் காவல் வைத்தது உன்னை.

உனக்குப் பன்னிரண்டு வயது, அக்கா. பெரியவர்கள் சொன்னதைச் செய்தாய். நான் முப்பத்து நாலு வயதில், படித்து, அளவு பார்ப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டு தப்பு செய்தேன். என்னை மன்னித்துவிட்டாய். இங்கே நான்கு பிள்ளைகள் உன் கடிதத்தால் ஓடியாடிக்கொண்டிருக்கிறார்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் என்று நீ சொன்னதே இல்லை.

இந்த 17ஆம் தேதி நீ தண்ணீர் குடிக்க வேண்டும். இது சின்னியின் கட்டளை.

ஆண்டனி

*

தேனி
18 ஜனவரி 2025

அன்புத் தம்பி ஆண்டனிக்கு,

நான் சுகம். எல்லோரும் சுகமா?

அம்மா இருந்தவரை இதைப் பேசக் கூடாது என்று இருந்தேன். அவள் போய் மூன்று வருஷம் ஆன பிறகும் வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் வைத்தியரைக் கூட்டிவரப் போனார்கள். "தண்ணி மட்டும் குடுத்துராதடி, இன்னும் பிச்சுக்கிட்டுப் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் அம்மா. நல்லது என்று நினைத்துத்தான் சொன்னாள். ஊரே அப்படித்தான் நினைத்தது. சகாயத்துக்கு ஒன்றரை வயது. நடந்து வந்து குடத்தைத் தட்டினான். நான் கையைத் தள்ளிவிட்டேன். பிறகு தவழ்ந்து வந்தான். பிறகு வரவில்லை. அழுதபோது அவன் கண்ணில் தண்ணீர் இல்லை. அதன் பொருள் எனக்கு நர்சிங் பள்ளியில்தான் தெரிந்தது. வகுப்பிலிருந்து எழுந்து வெளியே ஓடினேன். மடத்தில் எனக்கு வேறு பெயர் வேண்டும் என்றபோது அவன் பெயரைத்தான் கேட்டு வாங்கினேன்.

நேற்று அந்த நாள். முப்பது வருஷம். மதியம் சாப்பாட்டு அறையில் எல்லோரும் என் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள், வழக்கப்படி. நான் அதை நிமிர்த்தி, குடத்திலிருந்து மொண்டு, நின்றபடியே குடித்தேன். இன்னொரு டம்ளர் குடித்தேன். மதர் என்னையே பார்த்தார், குடத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

சின்னியிடம் அத்தை கட்டளையை நிறைவேற்றிவிட்டாள் என்று சொல். ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் அட்டவணையில் எனக்கும் ஒரு வரிசை போடு.

நேற்று: ஆறு.

உன் அன்பு அக்கா,
தங்கம்